கல் உப்பு முதல் தாய்ப்பால் வரை: தமிழ்நாட்டின் அயோடின் கணக்கு – ஒரு நிகழ்வு ஆய்வு

தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என்று கடலோரம் நெடுக உப்பளம் வைத்திருக்கும் மாநிலம் தமிழ்நாடு. நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். 2018-19 இந்திய அயோடின் கணக்கெடுப்பில் கடைசி இடமும் நமக்கே. 15 பி.பி.எம். (கிலோவுக்கு 15 மில்லிகிராம்) அல்லது அதற்கு மேல் அயோடின் உள்ள உப்பு இங்கே 61.9 விழுக்காடு வீடுகளில்தான் இருந்தது. நாட்டுச் சராசரி 76.3. ஒரு பாத்தி உப்புகூட விளையாத காஷ்மீரும் நாகாலாந்தும் 99-ஐத் தாண்டி நின்றன.

இது முரண் போலத் தோன்றும், உண்மையில் முரண் இல்லை. மலை மாநிலங்களுக்கு உப்பு நெடுந்தொலைவு ரயிலில் போகிறது. ரயிலில் ஏறும் சமையல் உப்பு, ஏற்றுமிடத்திலேயே சோதனைக்கு உட்பட்டது. நம் ஊர் உப்போ அளத்திலிருந்து லாரியில் ஏறி, சாக்கில் மொத்தக் கடைக்கு வந்து, படியிலோ அரைக்கிலோ கவரிலோ தெருவுக்குள் நுழைந்துவிடுகிறது. நடுவில் அயோடின் ஏற வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது சில வண்டிகளுக்கு வாய்க்கிறது, சில வண்டிகளுக்கு இல்லை.

61.9 என்ற எண்ணைப் பற்றிப் பேசும்போது வழக்கமாக விட்டுப்போவது ஒன்று. 15 பி.பி.எம். என்பது வீட்டுக்கான வரம்பு, கர்ப்பிணிக்கான வரம்பு அல்ல. அந்த வரம்பைத் தாண்டிய வீட்டிலும் கர்ப்பிணிக்குப் போதாமல் போகலாம், பிறந்த குழந்தைக்கு இன்னும் போதாமல் போகலாம். இந்த ஆய்வு பார்ப்பது அந்த இடைவெளியைத்தான்.

கடல் உப்பில் அயோடின் இருக்காதா?

கடல் நீரில் அயோடின் உண்டு, லிட்டருக்குச் சுமார் 50 முதல் 60 மைக்ரோகிராம். அதே லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள் 35 கிராம். அத்தனை அயோடினும் உப்போடு சேர்ந்து படிந்தால்கூட ஒரு கிராமுக்கு 2 மைக்ரோகிராமைத் தொடாது, அதாவது 2 பி.பி.எம். கூட இல்லை. அதுவும் படிவதில்லை. சோடியம் குளோரைடு படிகமாகும்போது அயோடின் பெரும்பாலும் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. ஆகவே ‘இயற்கைக் கல் உப்பு, அயோடின் தானாகவே இருக்கும்’ என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. இந்துப்பும் அப்படியே. இளஞ்சிவப்பாக இருக்கிறது, விலை கூடுதல், அயோடின் மட்டும் அற்பம். கர்ப்பமான பிறகு ‘உடம்புக்கு நல்லது’ என்று இந்துப்புக்கு மாறும் வீடுகளில் நல்லெண்ணமே வினையாகிறது.

கல் உப்பு என்பதே குற்றம் அல்ல. அயோடின் ஏற்றிய கல் உப்பு கடையில் கிடைக்கிறது, சட்டமும் பொடி உப்பு, கல் உப்பு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. சமையலுக்கு நேரடியாக விற்கும் உப்பு எதுவானாலும் தயாரிப்பிடத்தில் 30 பி.பி.எம்., கடையில் 15 பி.பி.எம்.-க்குக் குறையக் கூடாது. சிக்கல் சேர்ப்பதில் இருக்கிறது. 30 பி.பி.எம். வேண்டுமானால் ஒரு டன் உப்புக்குப் பொட்டாசியம் அயோடேட் 51 கிராம் அளவில் போதும். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் அளவுதான் அது. அந்தக் கைப்பிடியைத் தண்ணீரில் கரைத்து ஆயிரம் கிலோவுக்கும் சீராகப் பரப்ப வேண்டும். தொடர்பட்டையில் உப்பு ஓட, மேலிருந்து தெளித்து, பிறகு கலக்கும் ஆலையில் இது நடக்கும். குவியலின் மேல் கைத்தெளிப்பானால் அடித்துவிட்டு மண்வெட்டியால் இரண்டு புரட்டு புரட்டினால் ஒரு பை 60, அடுத்த பை 5 என்று வரும். அந்தத் தொகுப்பின் சராசரியை எடுத்தால் ‘தரம் சரி’. வாங்கிப்போகிறவர் கையில் எந்தப் பை விழுகிறது என்பது அதிர்ஷ்டம்.

கல் உப்பில் அயோடேட் படிகத்தின் மேற்பரப்பில் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈரம் கோத்தால் அது வடிந்து சாக்கின் அடிக்குப் போகும். உப்பில் மக்னீசியம் குளோரைடு கூடுதலாக இருந்தால் ஈரத்தை இழுப்பதும் கூடும். உள்ளே பிளாஸ்டிக் உறை இல்லாத சாக்கு, கடை வாசலில் மழைச் சாரல், தரையில் படுக்கவைத்த மூட்டை: மூன்றும் சேர்ந்தால் 30-ல் புறப்பட்டது எத்தனையில் வந்து சேரும் என்று சொல்ல முடியாது.

அப்புறம் அடுக்களை. கல் உப்பில் மண் இருக்கும் என்று ஒரு அலசு அலசிப் போடுவதும், தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து ஊற்றுவதும் நம் பக்கத்துப் பழக்கம். கரைத்துத் தெளியவைத்தால் பெரிதாக இழப்பில்லை, அந்தத் தண்ணீரே குழம்புக்குள் போகிறது. அலசிக் கொட்டும் தண்ணீரில்தான் அயோடின் முதலில் போகும், ஏனென்றால் அது மேற்பரப்பில் இருக்கிறது. உப்பின் சுவை குறையாது. அதனால் யாருக்கும் தெரியவும் தெரியாது.

எவ்வளவு வேண்டும், ஏன் கூடுகிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மற்ற பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 90.

கர்ப்பத்தில் நூறு மைக்ரோகிராம் கூடுவதற்குக் காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியவை. தாயின் தைராய்டு வழக்கத்தைவிட ஏறக்குறைய பாதி அளவு கூடுதலாகத் தைராக்ஸின் என்ற, அயோடினால் ஆன ஹார்மோனைச் சுரக்க வேண்டியிருக்கிறது. அதே நேரத்தில் சிறுநீரகம் அயோடினை முன்னைவிட வேகமாக வெளியேற்றுகிறது. இவை போதாதென்று கருவும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. கருவின் தைராய்டு 10-12 வாரத்தில்தான் அயோடினைப் பிடிக்கத் தொடங்கும். உருப்படியாகச் சுரக்க 18-20 வாரம் ஆகும். அதுவரை மூளை வளர்வது தாயின் ஹார்மோனில். பலரும் முதல் பரிசோதனைக்கு வரும்போதே அந்தக் காலத்தில் பாதி கழிந்திருக்கும். ஆகவே உப்பைச் சரிசெய்ய வேண்டிய நாள் கர்ப்பம் உறுதியான நாள் அல்ல, கல்யாணத்துக்குப் பிந்தைய முதல் மளிகைப் பட்டியல்.

இப்போது உப்புக் கணக்கு. நாளைக்கு 8 கிராம் உப்பு வீட்டுச் சாப்பாட்டில் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தியர்கள் சராசரியாக இதைவிடக் கூடுதலாகவே சாப்பிடுகிறார்கள். சமைக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு அயோடின் போகும் என்பது வழக்கமான மதிப்பீடு. ஜாடியில் இருப்பது 30 பி.பி.எம். என்றால் கிடைப்பது 192 மைக்ரோகிராம். பால், தயிர், முட்டை, மீன் என்று மீதி சேர்ந்து 250-ஐ எட்டிவிடலாம். ஜாடியில் 15 என்றால் கிடைப்பது 96. கணக்கெடுப்பில் இந்த வீடும் ‘போதுமான அயோடின் உள்ள வீடு’தான்! ஜாடியில் 5 என்றால் 32, ஒரு கைக்குழந்தையின் தேவையில் பாதிகூட இல்லை.

இதன் மேல் இன்னொன்று. கால் வீங்கினால் ‘உப்பைக் குறை’ என்பது பெரியவர்கள் சொல்வது. ரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரும் சொல்வார். 8 கிராம் 5 கிராமாகக் குறைந்தால், 15 பி.பி.எம். ஜாடியிலிருந்து கிடைப்பது 60 மைக்ரோகிராம். உப்பைக் குறைப்பது தவறில்லை. குறைக்கும் உப்பு முழு அயோடின் ஏறிய, மூடிய பாக்கெட் உப்பாக இருக்க வேண்டும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை, அதுதான் குறை. அரசு மருத்துவமனையில் தரும் சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு, அயோடின் இல்லை. ‘மாத்திரைதான் தவறாமல் சாப்பிடுகிறேனே’ என்பது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

ஆனால் இரும்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. தைராய்டுக்குள் அயோடினை ஹார்மோனாகக் கோக்கும் நொதிக்கு இரும்பு வேண்டும். ரத்தசோகை கடுமையாக இருந்தால் கிடைக்கும் அயோடினும் சரியாகப் பயன்படாது. வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனம் தயாரிக்கும் உப்பு 2014-ல் ‘அம்மா உப்பு’ என்ற பெயரில் வந்தபோது அதில் ஒரு வகை இரும்பும் அயோடினும் சேர்ந்தது. கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு அந்த இரட்டைச் செறிவு உப்பு பொருத்தமான தேர்வு.

பிரசவத்துக்குப் பின்

கர்ப்பத்தில் இருக்கும் கவனம் பிரசவத்தோடு குழந்தை பக்கம் திரும்பிவிடுகிறது. தேவையோ குறைவதில்லை. மார்பகச் சுரப்பிக்கும் தைராய்டைப் போலவே அயோடினை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் பொறி உண்டு. தாய் உண்ணும் அயோடினில் ஏறக்குறைய 40 முதல் 45 விழுக்காடு பாலுக்குப் போகிறது. இதனால்தான் பாலூட்டும் தாயின் சிறுநீரில் அயோடின் குறைந்து காட்டும். கர்ப்பிணிகள் கூட்டத்தின் சிறுநீர் அயோடின் நடுமதிப்பு லிட்டருக்கு 150 முதல் 249 மைக்ரோகிராம் என்றால் போதுமானது, பாலூட்டும் தாய்மாருக்கு 100 இருந்தாலே போதும். இரண்டுக்கும் ஒரே வரம்பை வைத்துப் பார்த்தால் இல்லாத குறையைக் கண்டுபிடிப்போம்.

முழுக்கத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தை நாளைக்குச் சுமார் 780 மி.லி. குடிக்கிறது. அதில் 90 மைக்ரோகிராம் வர வேண்டுமானால் பாலில் லிட்டருக்கு 115 இருக்க வேண்டும். தாய் 240 மைக்ரோகிராம் உண்டு, அதில் 45 விழுக்காடு பாலுக்குப் போனால் 108. குழந்தைக்குத் தாராளம். தாய் உண்பது மொத்தமே 80 என்றால் பாலுக்குப் போவது 36. குழந்தை எத்தனை முறை குடித்தாலும், எடை எவ்வளவு நன்றாக ஏறினாலும் இந்த 36 மாறாது. பால் அளவில் குறைவில்லாமல், அயோடினில் மட்டும் குறைவாக இருப்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை.

பெரியவரின் தைராய்டில் 10 முதல் 20 மில்லிகிராம் அயோடின் கிடங்கு இருக்கும், சில மாதங்கள் தாங்கும். பிறந்த குழந்தையிடம் 300 மைக்ரோகிராம் அளவில்தான் கையிருப்பு, அதுவும் தினம் தினம் புரள்வது. இந்த வயதில் குறைபாடு வேகமாக வேலை செய்வது அதனால்.

பத்தியத்தை இங்கே பார்க்க வேண்டும். பத்தியம் முழுவதையும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது சோம்பேறித்தனம். பால் சுரக்கப் பால் சுறாப் புட்டு கொடுப்பது கடலோர வழக்கம். கடல் மீன் அயோடினுக்கு நல்ல மூலம், இந்த ஒரு பண்டத்தில் பாட்டிமார் கைவைத்தியம் சரியான இடத்தில் நிற்கிறது. கருவாட்டுக் குழம்பில் மீனின் அயோடின் உண்டு, உப்பின் அயோடின் பெரும்பாலும் இருக்காது. பதப்படுத்தவும் தொழிற்சாலைக்கும் விற்கும் உப்புக்கு அயோடின் கட்டாயமில்லை என்று சட்டமே விலக்குத் தந்திருக்கிறது. சமையலறைக்குள் அயோடினில்லாத உப்பு கசிவதும் இந்த விலக்கின் வாசல் வழியாகத்தான். பத்தியத்தில் கெடுதலான பகுதி இரண்டு: உப்பைச் சுண்டக் குறைப்பது, முட்டையையும் தயிரையும் ‘ஆகாது’ என்று வாரக்கணக்கில் நிறுத்துவது. இரண்டும் சேரும் வீட்டில் தாய்க்கு அயோடின் வர வேறு வழி அதிகம் இல்லை.

மரவள்ளிக்கிழங்கை அன்றாட உணவாகச் சாப்பிடுவது, வீட்டில் புகைப்பது ஆகிய இரண்டிலும் தயோசயனேட் என்ற பொருள் உடம்பில் கூடும். அது அயோடின் போகும் அதே வாசலில் போட்டிக்கு நிற்கும். தாய் புகைத்தால் பாலிலேயே அயோடின் குறையும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு

உலகம் முழுவதும் உப்பை நம்பிய திட்டங்கள் வழுக்கும் படி இதுதான். 1922-லேயே உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கிய சுவிட்சர்லாந்தையே எடுத்துக்கொள்ளலாம். 2010-ல் வெளியான அந்நாட்டு ஆய்வில் பள்ளிப் பிள்ளைகளின் சிறுநீர் அயோடின் நடுமதிப்பு 120, கர்ப்பிணிகளின் நடுமதிப்பு 162, இரண்டும் சரி. பால் மறக்கும் பருவக் குழந்தைகளில், அயோடின் சேர்த்த பால்பொடி கிடைக்காமல் தாய்ப்பாலோடு வீட்டு உணவு மட்டும் உண்டவர்களின் நடுமதிப்பு 70. நூறு வேண்டிய இடத்தில் எழுபது. ஏறக்குறைய தொண்ணூறாண்டு அனுபவமிருந்த நாட்டில் நிலை இது.

காரணம் எளிது. ஒரு வயதுவரை குழந்தையின் உணவில் உப்பு சேர்க்க வேண்டாம் என்கிறோம், சரியாகவே சொல்கிறோம். சிறுநீரகம் தாங்காது, நாக்குக்கும் உப்பு பழகும். ஆனால் அயோடினை ஏற்றி வைத்திருக்கும் ஒரே வண்டி உப்புதான். கேழ்வரகுக் கூழிலும் பருப்பு சாதத்திலும் மசித்த வாழைப்பழத்திலும் அயோடின் சொல்லும்படி இல்லை. ஆகவே 6 முதல் 12 மாதம்வரை குழந்தையின் அயோடின் பெரும்பாலும் தாய்ப்பால் வழியாகவே வர வேண்டும், அதாவது தாயின் தட்டு வழியாக. இதற்காகக் குழந்தையின் கூழில் அயோடின் உப்பைத் தூவுவது தீர்வு அல்ல. மொராக்கோவில் 2014-ல் வெளியான ஆய்வில், அயோடின் எண்ணெயை நேரடியாகக் குழந்தைக்குக் கொடுத்ததைவிடப் பாலூட்டும் தாய்க்குக் கொடுத்தபோது குழந்தையின் நிலை நன்றாக இருந்தது. கூழோடு மசித்த முட்டை மஞ்சள் கரு, முள் நீக்கிய கடல் மீன், சிறிது தயிர் சேர்ப்பது நடைமுறையில் செய்யக்கூடியது.

எதை வைத்துச் சோதிப்பது?

ஒரு கர்ப்பிணியின் ஒரே ஒரு வேளைச் சிறுநீரை ஆய்வகத்துக்கு அனுப்பி ‘90 வந்திருக்கிறது, குறைபாடு’ என்று மாத்திரை எழுதுவது தவறு. சிறுநீர் அயோடின் நாளுக்கு நாள், வேளைக்கு வேளை ஆடும். ஒரு நபரின் நிலையை ஓரளவு சொல்லவே பத்து மாதிரி வேண்டும். அது கூட்டத்தின் நடுமதிப்பைப் பார்க்கும் கருவி. கர்ப்பத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) கூடியிருந்தாலும் அதை அயோடின் குறைவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. தைராய்டுக்கு எதிராக உடம்பே எதிர்ப்பொருள் உண்டாக்கிக்கொள்வதும் அடிக்கடி காணும் காரணம். தைராக்ஸின் மாத்திரைக்கு அயோடின் உப்பு மாற்று அல்ல. அந்த மாத்திரை எடுப்பவர்கள் இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடு நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும்.

உப்பைச் சோதிப்பது எளிது. உலகெங்கும் களப்பணியில் ஓடிய எம்.பி.ஐ. சோதனைப் பெட்டி சென்னையில் தயாரானது. ஒரு கரண்டி உப்பைத் தட்டையாகப் பரப்பி இரண்டு சொட்டு விட்டால், அயோடேட் இருந்தால் ஊதா நிறம் ஏறும். அதை அட்டை நிறத்தோடு ஒப்பிட வேண்டும். நிறமே வராவிட்டால் உடனே ‘இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது. காரத்தன்மையுள்ள உப்பில் நிறம் எழாது. புதிதாக உப்பு எடுத்து, பெட்டியிலுள்ள மறுசோதனைக் கரைசலை ஐந்து சொட்டு விட்டு, அதே இடத்தில் மறுபடி சோதனைச் சொட்டு. இந்த இரண்டாவது படியை விட்டுவிட்டால் நல்ல உப்பும் தோற்கும். பெட்டி ‘உண்டு, இல்லை’ என்பதை நன்றாகச் சொல்லும், 15-க்கும் 30-க்கும் வித்தியாசத்தை நம்பும்படி சொல்லாது.

எண் வேண்டுமானால் ஆய்வகத்தில் செய்யும் தரம்பார்த்தல்தான் (டைட்ரேஷன்). 10 கிராம் உப்பை 50 மி.லி. தண்ணீரில் கரைத்து, கந்தக அமிலமும் 10 விழுக்காடு பொட்டாசியம் அயோடைடு 5 மி.லி.யும் சேர்த்து, பத்து நிமிடம் இருட்டில் மூடி வைத்து, 0.005 நார்மல் தயோசல்ஃபேட்டை பியூரெட்டிலிருந்து இறக்க வேண்டும். மஞ்சள் வெளிறிய பிறகுதான் மாவுக்கரைசல், முன்கூட்டி ஊற்றினால் நிறம் பிடித்துக்கொண்டு முடிவு தள்ளிப்போகும். ஊதா மறைந்த இடத்தில் வாசிப்பை 10.58-ஆல் பெருக்கினால் பி.பி.எம். 1.4 மி.லி. செலவானால் உப்பு 15-க்குச் சற்றுக் கீழே. வீட்டில் உருளைக்கிழங்குத் துண்டில் உப்பைத் தடவி ஒரு நிமிடம் கழித்து இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவது உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லித்தரும் வழி. நீலம் வந்தால் அயோடின் உண்டு, எவ்வளவு என்று தெரியாது.

கூடினாலும் கேடு

கர்ப்பிணிகளுக்கு நாளைக்கு 500 மைக்ரோகிராமுக்கு மேல் கூடுதல் நன்மை இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கடற்பாசி மாத்திரைகளில் அளவு தாறுமாறாக இருக்கும், அவற்றைத் தவிர்க்க வேண்டும். மாத்திரை தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால் பொட்டாசியம் அயோடைடாக 150 மைக்ரோகிராம் அயோடின் உள்ளதே வழக்கமான அளவு. ஏற்கெனவே தைராய்டு மிகையாகச் சுரப்பவர் தானாக எடுக்கக் கூடாது. பிறந்த குழந்தையின் தொப்புளில் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவுவது இன்னொரு வாசல். மெல்லிய தோல் வழியே அயோடின் உள்ளே போய், குறிப்பாகக் குறைமாதக் குழந்தையின் தைராய்டைத் தற்காலிகமாக நிறுத்திவிடும், டி.எஸ்.எச். எகிறும். குதிகால் ரத்தச் சோதனையில் கூடுதல் வந்தால் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. பெங்களூரிலும் பாங்காக்கிலும் 832 கர்ப்பிணிகளை வைத்து நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், தினம் 200 மைக்ரோகிராம் அயோடின் பெற்றவர்களின் பிள்ளைகள் 5-6 வயதில் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதல் அறிவுத்திறன் காட்டவில்லை. உப்பு ஓரளவு சரியாக இருக்கும் இடத்தில் எல்லாருக்கும் மாத்திரை நீட்டுவதால் பலன் தெரியவில்லை என்பதே இதன் பொருள். அயோடினே இல்லாத ஜாடி இருக்கும் வீட்டுக்கு இந்த முடிவைப் பொருத்த முடியாது. அதனால் கிராம சுகாதார செவிலியர் முதலில் கேட்க வேண்டியது மாத்திரையைப் பற்றி அல்ல: எந்த உப்பு, பாக்கெட்டா சாக்கா, அலசுகிறீர்களா, ஜாடி அடுப்புப் பக்கமா, குழம்பு இறக்கும்போது போடுகிறீர்களா முதலிலேயே போடுகிறீர்களா?

ஒரு வயது முடிந்து குழந்தை வீட்டுச் சாப்பாட்டுக்கு வரும்போது அதன் தட்டில் விழும் உப்பு ஒரு கிராம் அளவில்தான் இருக்கும். 30 பி.பி.எம். உப்பானால் சமைத்தபின் 24 மைக்ரோகிராம். மீதி 66-க்கு அப்போதும் தாய்ப்பாலும் பசும்பாலும் முட்டையும் வேண்டும்.